சொந்த ஊரைத் தேடிப் போகும் சிங்கப்பூர்ப் பெரியவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அப்பாவோ தாத்தாவோ பிறந்த ஊரை ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும் என்று கிளம்புகிற அறுபது, எழுபது வயதுக்காரர்கள் தேக்கா காபிக்கடையிலும் கோயில் அன்னதான வரிசையிலும் கேட்கிற கேள்விகள் இவை. டிக்கெட், விசாவெல்லாம் பிள்ளைகள் கைப்பேசியிலேயே முடித்துக் கொடுத்துவிடுவார்கள். ஊரைக் கண்டுபிடிப்பதும், போய் இறங்கிய பிறகு பேசுவதும்தான் சிரமம். அதனால் அவற்றுக்குத்தான் இங்கே நீண்ட பதில்.

அப்பா 'தஞ்சாவூர்ப் பக்கம்' என்று மட்டும்தான் சொல்லுவார். இதை வைத்துக்கொண்டு ஊரைக் கண்டுபிடிக்க முடியுமா?

பெரும்பாலும் முடியும். ஆனால் 'தஞ்சாவூர்ப் பக்கம்' என்றால் இன்றைய தஞ்சாவூர் மாவட்டம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அப்பா கப்பலேறிய காலத்துத் தஞ்சை ஜில்லா மிகப் பெரியது. அதிலிருந்து 1991இல் நாகப்பட்டினம் பிரிந்தது. 1997இல் திருவாரூர், 2020இல் மயிலாடுதுறை. இராமநாதபுரம் ஜில்லா 1985இல் மூன்றாகப் பிரிந்தது. காரைக்குடியும் தேவகோட்டையும் இப்போது சிவகங்கை மாவட்டம். கடையநல்லூர் 2019 வரை திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது, இப்போது தென்காசி மாவட்டம். ஆகவே மாவட்டத்தை விட்டுவிட்டுத் தாலுகாவைப் பிடியுங்கள். மன்னார்குடி, பட்டுக்கோட்டை, ஒரத்தநாடு என்று ஏதாவது ஒரு பெயர் அப்பா வாயில் வந்திருக்கும்.

அடுத்து வீட்டைக் கிளறுங்கள். நம் வீடுகளில் பழைய காகிதங்கள் இருக்குமிடம் அலமாரியின் மேல்தட்டு, அதில் ஒரு கொங் குவான் பிஸ்கட் டின். அதற்குள் ஊரிலிருந்து வந்த நீல நிற விமானக் கடிதம் ஒன்று கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. உள்ளே 'நலம், நலமறிய ஆவல்' என்று எழுதியிருப்பது இருக்கட்டும். முதலில் அனுப்புநர் முகவரியைப் பாருங்கள். தெரு, கிராமம், போஸ்ட், 'வழி', தாலுகா என்று ஐந்து படி இருக்கும். போஸ்ட் என்பது தபாலாபீஸ் இருந்த பக்கத்துக் கிராமமாக இருக்கலாம். 'வழி' என்று போட்டிருப்பது தபால் வந்து பிரிகிற கொஞ்சம் பெரிய ஊர். ஒரே பெயரில் இரண்டு மூன்று கிராமங்கள் இருப்பது தமிழ்நாட்டில் சகஜம். அப்போது எது உங்கள் ஊர் என்று பிரித்துக் காட்டுவது இந்த 'வழி'தான். பின்கோடு இல்லையே என்று கவலைப்படாதீர்கள். அது 1972இல்தான் வந்தது.

கடிதம் இல்லையென்றால் கல்யாணப் பத்திரிகை. அந்தக் காலத்துப் பத்திரிகையில் தாத்தா பெயர், ஊர், 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்று மாமன், மச்சான், பங்காளி பட்டியல் எல்லாம் இருக்கும். இங்கே நடந்த கல்யாணத்துக்கும் பல குடும்பங்கள் ஊர்ப் பெயரோடுதான் பத்திரிகை அடித்தன.

எந்தக் காகிதமும் இல்லையா? குலதெய்வத்தின் பெயர் தெரியுமா என்று பாருங்கள். வெறும் அய்யனார், கருப்பர் என்றால் உதவாது, ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அடைமொழியோடு சேர்ந்த முழுப்பெயர் வேண்டும். அது கிடைத்தால் கோயில் கிடைக்கும். கோயில் கிடைத்தால் பூசாரிக்கு எந்தெந்த வகையறா எந்த ஊரிலிருந்து வருகிறது, யார் வரி கொடுக்கிறார்கள் என்பதெல்லாம் மனப்பாடமாகத் தெரியும்.

ஒன்று சொல்கிறேன், இது என் கட்சி: ஆண்களைக் கேட்டு நேரத்தை வீணாக்காதீர்கள். அத்தை, சின்னம்மா, பெரியம்மா யாராவது இருந்தால் அவர்களிடம் போய் உட்காருங்கள். 'நம்ம ஊர் எது அத்தை?' என்று கேட்டால் 'அதெல்லாம் யாருக்குத் தெரியும்' என்பார்கள். 'உங்க கல்யாணத்துக்கு ஊரிலிருந்து யார் சீர் அனுப்பினாங்க?' என்று கேட்டுப் பாருங்கள். யார் மகளை எந்த ஊருக்குக் கட்டிக்கொடுத்தார்கள் என்பது வரை வரும். கைப்பேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள்.

இங்கே சிங்கப்பூரில் ஏதாவது பதிவு கிடைக்குமா?

அப்பாவின் குடியுரிமைச் சான்றிதழையும் பழைய பாஸ்போர்ட்டையும் முதலில் தேடுங்கள். 1957இல் சிங்கப்பூர்க் குடியுரிமைச் சட்டம் வந்தபோது தமிழர்கள் பதிந்துகொள்ள வேண்டும் என்று 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி பெரிய இயக்கமே நடத்தினார். அந்தக் காலத்தில் வாங்கிய காகிதங்கள் பல வீடுகளில் பத்திரமாக இருக்கின்றன. அதில் பிறந்த இடம் போட்டிருக்கும். ஆனால் எழுத்தை நம்பாதீர்கள், ஒலியை நம்புங்கள். எழுதிய குமாஸ்தாவின் காதில் எப்படி விழுந்ததோ அப்படித்தான் ஆங்கிலத்தில் ஊர்ப் பெயர் இருக்கும். வாய்விட்டுப் படித்தால் சில சமயம் சட்டென்று பிடிபடும்.

'தமிழ் முரசின்' பழைய இதழ்களைத் தேசிய நூலக வாரியத்தின் இணையக் களஞ்சியத்தில் பார்க்கலாம். மரண அறிவிப்புகளில் ஊர்ப் பெயர் வருவதுண்டு. கேம்பல் லேனில் 2015இல் திறந்த இந்திய மரபுடைமை நிலையத்துக்கும் ஒரு நடை போய்வாருங்கள். அங்கே உங்கள் தாத்தா பெயர் இருக்காது. ஆனால் அவர் வந்த காலம் எப்படி இருந்தது என்று புரியும். தென்காசி, கடையநல்லூர்க் குடும்பங்களுக்குச் சொல்லவே வேண்டாம். அவர்களுக்கு இங்கேயே சங்கம் இருக்கிறது. கடையநல்லூர் முஸ்லிம் லீக் 1941இலிருந்து இயங்குகிறது. செட்டியார் குடும்பங்கள் என்றால் டேங்க் ரோடு கோயிலில் விசாரித்தாலே போதும்.

அங்கே யாரும் இல்லாவிட்டால்? முன்பின் தெரியாமல் போய் நிற்கலாமா?

தாராளமாக. காலை பத்து மணிக்கு மேல் போய், கோயில் பக்கத்து டீக்கடையில் உட்காருங்கள். 'சிங்கப்பூரிலிருந்து வர்றோம், எங்க தாத்தா பேர் இது, 1930கள்ல கப்பலேறினவர்' என்று சொன்னால் போதும், அரை மணி நேரத்தில் நாலு பேர் கூடிவிடுவார்கள். டெல்டாவிலும் இராமநாதபுரத்திலும் சிங்கப்பூர், மலாயா போன ஆள் இல்லாத தெரு அபூர்வம். கிராம நிர்வாக அலுவலரைப் பார்க்கலாம். ஆனால் அவர் வேறு ஊரிலிருந்து மாற்றலாகி வந்தவராக இருப்பார். பரம்பரைக் கணக்கப்பிள்ளை, மணியக்காரர் பதவிகளை 1980இலேயே ஒழித்துவிட்டார்கள். பழைய கணக்கப்பிள்ளை வீட்டுப் பிள்ளைகள் ஊரில் இருந்தால் அவர்களைப் பாருங்கள்.

அப்பா வர்ணித்த ஊரை எதிர்பார்க்க வேண்டாம். ஓட்டு வீடு மாடி வீடாகியிருக்கும். 2018 நவம்பரில் அடித்த கஜா புயலில் பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கத்துத் தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்தன. 'எங்க தோப்பு' என்று அப்பா சொன்ன இடத்தில் இப்போது தோள் உயரக் கன்றுகளோ, பிளாட் போட்ட கல்லோ நிற்கலாம். குளமும் கோயிலும் பெரும்பாலும் அதே இடத்தில் இருக்கும்.

அவர்கள் என்ன கேட்பார்கள்?

இதைத்தான் யாரும் யோசிப்பதில்லை. நாம் கேள்விகளோடு போகிறோம். அவர்கள் நம்மைவிட அதிக நாள் கேள்விகளோடு காத்திருக்கிறார்கள்.

முதல் கேள்வி, கடிதமும் பணமும் ஏன் நின்றது என்பது. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்ததும் ஊருக்கும் இங்கேயும் இருந்த தொடர்பு அறுந்தது. 1945 செப்டம்பரில் பிரிட்டிஷார் திரும்பும் வரை மணியார்டர் இல்லை, தபால் இல்லை, கப்பல் இல்லை. மலாயாவிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழர்களைச் சயாம் ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள்; பலர் திரும்பவில்லை. இதெல்லாம் நமக்குப் பள்ளிக்கூடப் பாடம். ஊரிலிருந்தவர்களுக்கு ஒன்றே ஒன்றுதான் தெரியும்: போனவர் மறந்துவிட்டார்.

மன்னார்குடிப் பக்கம் ஒரு வீட்டில் இதை நேரில் பார்த்தேன். என்னோடு வந்தவர் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர். திண்ணையில் உட்கார்ந்திருந்த அம்மாவுக்கு எண்பத்தைந்துக்கு மேல் இருக்கும், அவருக்கு அத்தை முறை. பெயர், தெரு எல்லாம் ஒத்துப்போன பிறகு அந்த அம்மா கேட்ட முதல் வார்த்தை: 'எங்க ஆத்தா நகைய வச்சித்தான்டா ஒங்கப்பன் கப்பல் ஏறுனான். மூட்டுத் தர்றேன்னான்.' இவர் ஒன்றும் சொல்லத் தெரியாமல் என்னைப் பார்த்தார். பிறகு ஜப்பான்காரன் காலத்தில் அப்பா மரவள்ளிக்கிழங்கைத் தின்று உயிரோடு இருந்ததை, தனக்குத் தெரிந்த அளவில் சொன்னார். அந்த அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, 'இத ஒரு கடுதாசில எழுதியிருக்கலாம்ல' என்றார். அப்புறம் மருமகளைக் கூப்பிட்டு இலை போடச் சொன்னார். நகையைப் பற்றி அதன்பின் ஒரு பேச்சும் இல்லை.

ஆகவே அப்பாவுக்காக வக்காலத்து வாங்காதீர்கள். நடந்தது தெரிந்தால் சொல்லுங்கள், தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். இங்கே அவர் என்ன வேலை பார்த்தார், எங்கே தங்கினார், எப்போது இறந்தார், யார் கொள்ளி வைத்தது, இதையெல்லாம் அவர்கள் கேட்பார்கள். அப்பாவின் படங்கள் நாலைந்தைப் பெரிதாகப் பிரதி எடுத்துக் கையோடு கொண்டுபோய்க் கொடுங்கள். அந்த வீட்டுச் சுவரில் மாட்ட ஒரு படம் இல்லாமலே இருந்திருக்கும்.

அங்கே அப்பாவுக்கு இன்னொரு குடும்பம் இருந்ததாகக் கேள்வி. என்ன செய்வது?

இது நீங்கள் நினைப்பதைவிடச் சாதாரணம். ஊரில் ஒரு மனைவி, இங்கே ஒரு மனைவி என்று வாழ்ந்தவர்கள் அந்தத் தலைமுறையில் நிறையப் பேர். போகும் முன்பே உங்கள் கூடப்பிறந்தவர்களிடம் பேசிவிடுங்கள். ஊர் டீக்கடையில் அவர்களுக்குத் தெரிய வரக்கூடாது. அம்மா உயிரோடு இருந்தால் அவரிடம் சொல்வதா வேண்டாமா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

அங்கே ஓர் அண்ணன் இருக்கிறார் என்று தெரிந்தால், சித்தப்பா மகன் வீட்டுக்கும் மற்ற வீட்டுக்கும் போவதற்கு முன் அவர் வீட்டுக்குப் போங்கள். 'அண்ணே' என்று கூப்பிடுங்கள். பெரியம்மாவின் படம் இருந்தால் கும்பிடுங்கள். அப்பா உங்களைத் தோளில் தூக்கிக்கொண்டு திரிந்த கதையை மட்டும் முதல் நாளே சொல்ல வேண்டாம்.

'நீங்க என்ன ஆளுங்க?' என்று கேட்கிறார்களே?

கேட்பார்கள். தெருவைக் கேட்பதும் அதற்குத்தான். பல கிராமங்களில் இன்னமும் தெருவே சாதிக் கணக்கில்தான் இருக்கிறது. இங்கேயே பிறந்து வளர்ந்த நமக்கு அது சுருக்கென்று இருக்கும், கூட வரும் பேரப்பிள்ளைகளுக்கு அதைவிட.

நம்மில் பலருக்குப் பதிலே தெரியாது. அதற்கும் காரணம் உண்டு. 1929 கடைசியில் பெரியார் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்தார். 1932இல் இங்கே தமிழர் சீர்திருத்தச் சங்கம் தொடங்கியது. அந்தக் காற்றில் பெயருக்குப் பின்னால் இருந்த பட்டத்தை வெட்டியவர்கள் உண்டு. இன்னும் சிலர் அந்தத் தெருவிலிருந்து தப்பிக்கவே கப்பலேறியவர்கள். பண்ணையாள் வேலையிலிருந்து ஓடிவந்தவர் ஊர்ப் பெயரையே வாயில் எடுக்காமல் செத்திருந்தால், அதற்கு அவரிடம் நியாயம் இருந்தது. உங்கள் குடும்பம் அப்படி இருக்கக்கூடும் என்று தோன்றினால், ஊரின் பெரிய வீட்டில் விசாரிப்பதை விட்டுவிட்டு நேரே அந்தத் தெருவுக்கே போங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல எந்தத் தெருவிலும் கூச்சப்பட வேண்டியதில்லை.

தாத்தா நிலம் இருக்கிறது என்பார்கள். கேட்கலாமா?

முதல் பயணத்தில் கேட்காதீர்கள். நிலம் என்ற சொல் விழுந்த நிமிடத்தில் நீங்கள் விருந்தாளி இல்லை, பங்குக்காரர். அதன்பின் பழைய கதை எதுவும் வெளியே வராது.

தெரிந்துகொள்ளத்தான் வேண்டும் என்றால், சர்வே எண் தெரிந்தால், நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று காட்டும் பட்டா, சிட்டாவைத் தமிழ்நாடு அரசின் இணையத்தளத்திலேயே பார்க்கலாம். விற்பனை, அடமானம் எல்லாம் தெரியும் வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறைத் தளத்தில் பார்க்கலாம். தாத்தா காலத்து எண் இப்போது மாறியிருக்கும். 1980களில் அரசு நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த யு.டி.ஆர். பதிவில், அனுபவத்தில் இருந்தவர்கள் பெயரில் பல பட்டாக்கள் ஏறிவிட்டன. பிறர் அனுபவத்தில் இருக்கும் சொத்துக்கு வழக்குப் போட 12 ஆண்டு என்ற கெடுவையும் வழக்கறிஞர் முதலிலேயே சொல்லிவிடுவார். ஓசிஐ அட்டை (இந்திய வம்சாவளி வெளிநாட்டவருக்கு இந்திய அரசு தரும் அட்டை) இருந்தாலும் விவசாய நிலத்தை வாரிசாகப் பெறலாமே தவிர, விலைக்கு வாங்க முடியாது. நாலு பங்காளிகள் உழுது சாப்பிடும் ஒரு மா நிலத்துக்காகக் கோர்ட்டுக்கு அலைவது வேண்டாம் என்பதுதான் என் எண்ணம். கையெழுத்துக் கேட்டு ஏதாவது காகிதத்தை நீட்டினால் மட்டும், எவ்வளவு நெருங்கிய சொந்தமானாலும், சிங்கப்பூர் திரும்பி வழக்கறிஞரிடம் காட்டிவிட்டுப் போடுகிறேன் என்று சொல்லிவிடுங்கள்.

விசாவா, ஓசிஐ அட்டையா?

ஒருமுறை போய்வர இ-விசா போதும். பாஸ்போர்ட்டில் ஆறு மாதமாவது மீதமிருக்க வேண்டும். ஓசிஐ அட்டை இந்தியக் குடிமக்களாக இருந்தவர்கள், அல்லது 1950இல் குடிமக்களாகத் தகுதி பெற்றிருந்தவர்களின் பிள்ளை, பேரப்பிள்ளை, கொள்ளுப்பேரப்பிள்ளை வரை கிடைக்கும். ஆனால் முன்னோர் இந்தியாவில் பிறந்ததற்குச் சான்று வேண்டும். பிஸ்கட் டின்னைத் தூக்கிப் போடாதீர்கள் என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். உறவினர் வீட்டில் இரவு தங்கினால், வெளிநாட்டவர் தங்குவதாக வீட்டுக்காரர் பதிய வேண்டும். லாட்ஜில் அவர்களே செய்துவிடுவார்கள்.

எப்போது போகலாம்? எந்த விமானம்?

பொங்கலை ஒட்டி, ஜனவரி, பிப்ரவரி. அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் வரை டெல்டாவில் மழை, வெள்ளம், புயல். மே மாதம் அக்கினி நட்சத்திரம், வேண்டவே வேண்டாம். குலதெய்வக் கோயிலுக்காகப் போகிறீர்கள் என்றால் மாசி மகாசிவராத்திரிக்குத் தென்மாவட்டங்களில் சனம் மொத்தமும் திரளும். பங்காளிகள் அத்தனை பேரையும் ஒரே இடத்தில் பார்த்துவிடலாம், ஆனால் உட்கார இடம் கிடைக்காது.

அப்பா காலத்தில் ரஜூலா கப்பலில் ஏறக்குறைய ஒரு வாரம். பிறகு வந்த சிதம்பரம் கப்பலும் 1985 பிப்ரவரியில் தீப்பிடித்ததோடு போயிற்று. இப்போது திருச்சிக்கு நேரடி விமானம், நாலு மணி நேரம். தஞ்சை, புதுக்கோட்டை, காரைக்குடி எல்லாவற்றுக்கும் திருச்சிதான் வசதி. 2024இல் திறந்த புதிய முனையத்தில் சக்கர நாற்காலிக்குச் சிரமமில்லை. டிக்கெட் போடும்போதே கேட்டுவிடுங்கள்.

எனக்குச் சர்க்கரை, முட்டிவலி. கிராமத்தில் சமாளிக்க முடியுமா?

முட்டிதான் பெரிய பிரச்சினை. பழைய வீடுகளில் கழிப்பறை பின்கட்டில் இருக்கும், உட்கார்ந்து எழுகிற வகை. ஆகவே தஞ்சாவூரிலோ மன்னார்குடியிலோ காரைக்குடியிலோ அறை எடுத்துத் தங்கி, பகலில் ஊருக்குப் போய் வாருங்கள். 'வீடு இருக்கும்போது லாட்ஜா?' என்று கோபிப்பார்கள். டாக்டர் மேல் பழியைப் போட்டுவிடுங்கள்.

சர்க்கரைக்கு ஆபத்து உபசாரத்தில்தான். ஒரு நாளில் எட்டு வீடு ஏறினால் எட்டு காபி. சர்க்கரை வேண்டாம் என்றால் ஒரு பையனைக் கடைக்கு ஓடவிட்டு 'கலர்' சோடா வாங்கி வந்துவிடுவார்கள். அதற்குக் காபியே தேவலை. வாசற்படி ஏறும்போதே 'தண்ணி மட்டும் குடுங்க' என்று சொல்லி, குடிப்பதை உங்கள் புட்டியிலிருந்து குடியுங்கள். பயணத்துக்குச் சில வாரங்கள் முன்பே பலதுறை மருந்தகத்தில் தடுப்பூசி பற்றிக் கேளுங்கள். மாத்திரைகளை மருந்துச் சீட்டோடு கைப்பையில் வையுங்கள். நம் அரசுக் காப்புறுதியான மெடிஷீல்டு லைஃப் வெளிநாட்டுச் சிகிச்சைக்கு வராது. பயணக் காப்புறுதி எடுக்கும்போது ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்கும் சேர்த்து எடுங்கள், கொஞ்சம் கூடுதலானாலும்.

என்ன வாங்கிப் போவது? பணம் கொடுக்கலாமா?

கோடாலி தைலம். பெட்டியில் மீதி இடம் இருந்தால் இன்னும் கொஞ்சம் கோடாலி தைலம். சாக்லேட் உருகிவிடும். வயதானவர்களுக்கு வேட்டி, சேலை அங்கேயே எடுத்துவிடலாம். பூ, பழம், வெற்றிலை பாக்கோடு தட்டில் வைத்துக் கொடுங்கள். பணத்தை உறையில் போட்டு வீட்டின் மூத்த பெண்மணி கையில் கொடுங்கள், பலர் பார்க்க வேண்டாம். கோயில் திருப்பணி நோட்டு கண்டிப்பாக வரும். முடிந்ததை எழுதுங்கள். பேரன் படிப்பு, சிங்கப்பூரில் வேலை என்று வரும்போது மட்டும் 'பார்க்கலாம்' என்ற சொல்லை வாயில் எடுக்காதீர்கள். நாம் மறுப்பதாக நினைத்துச் சொல்லுவோம், அவர்கள் ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்வார்கள்.

நாங்கள் யாழ்ப்பாணம். எங்களுக்கும் இது பொருந்துமா?

பேச்சும் மரியாதையும் பொருந்தும், வழி வேறு. கொழும்பில் இறங்கினால் ரயிலில் போகலாம். போரில் நின்றுபோன பாதை 2014இல் மறுபடி யாழ்ப்பாணம் வரை வந்துவிட்டது. நீண்ட பயணம் என்பதால் கொழும்பில் ஓரிரவு தங்கிக்கொள்ளுங்கள். அங்கே வீட்டுக்கு ஆளில்லாததற்குக் காரணம் பெரும்பாலும் போர். காணாமல் போனவர்களைப் பற்றி நீங்களாகக் கேட்க வேண்டாம்.

போய்விட்டு வந்தபிறகு தினமும் வாட்ஸாப்பில் அழைக்கிறார்கள். என்ன செய்வது?

எடுங்கள், ஆனால் நேரம் சொல்லி வையுங்கள். அவர்களுக்கு இரவு ஒன்பது மணி என்றால் நமக்குப் பதினொன்றரை. ஞாயிற்றுக்கிழமை மாலை என்று ஒரு நாளை வைத்துக்கொண்டால் இருவருக்கும் நல்லது. குடும்பக் குழுவில் உங்கள் பிள்ளைகளில் ஒருவரையும் சேர்த்துவிடுங்கள். 'குட் மார்னிங்' படங்களுக்குப் பதில் போட வேண்டிய கட்டாயம் இல்லை.